இடது பக்கம் ஓர் இழுப்பு

மத்தியானச் சாப்பாட்டின்போது டாக்டர் அக்கா எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் குட்டி அதைப் பார்த்தாள். கீழ்வரிசையில், வலது பக்கம், கடைவாயில், புத்தம் புதுசாக ஒரு பல் கேப். அதை அவள் செய்யவில்லை.

தன் கைவேலை தனக்குத் தெரியாதா என்ன? குட்டி செதுக்குகிற கேப்பின் நடுக்குழி கொஞ்சம் அகலமாக இருக்கும், ஓரம் மொழுமொழுவென்று இறங்கும். இது வேறு ஆள் வேலை. நல்ல வேலைதான், அதையும் சும்மா சொல்லக்கூடாது. ஆனால் வேறு ஆள்.

அந்தக் க்ளினிக்கே அக்கா தங்கை இரண்டு பேருடையது. முன்னால் அக்காவின் நாற்காலியும் விளக்கும், பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறையில் குட்டியின் கம்ப்யூட்டரும் பல் கடைகிற மெஷினும். அக்கா பல்லைச் சீவி அளவெடுத்து அனுப்புவாள், குட்டி கம்ப்யூட்டரில் பல்லை வரைந்து, மெஷினில் கடைந்து, சாயம் ஏற்றித் திருப்பி அனுப்புவாள். தலையில் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது, இன்னமும் அக்காவுக்கு அவள் குட்டிதான். அக்காவின் அந்தக் கடைவாய்ப்பல் உடைந்து ரொம்ப நாளாயிற்று. வந்து உட்காரு, செய்து தருகிறேன் என்று குட்டி கெஞ்சாத நாள் இல்லை. நேரமில்லை என்பாள் அக்கா. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிற டாக்டருக்குத் தன் பல்லைக் கட்ட நேரமில்லையாம் என்று இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். கடைசியில் பார்த்தால், சத்தம் போடாமல் வேறு எங்கேயோ போய்க் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

சுருக்கென்றது குட்டிக்கு. கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை போட்ட பின்கட்டில் மழை விழுகிற சத்தம், கடைசல் மெஷின் ஈரத்தோடு அரைக்கிற சத்தம், பல் தூளும் மருந்தும் கலந்து அந்த அறையில் எப்போதும் நிற்கிற சுண்ணாம்பு வாசனை, எல்லாம் சேர்ந்து குட்டிக்கு வழக்கமாகத் தூக்கம் வரவழைக்கும். இன்று தூக்கம் வரவில்லை. அக்காவின் சிரிப்பே கண்ணுக்குள் நின்றது. சரி, வேலையைப் பார்ப்போம் என்று, அடுத்து கேப் செய்ய வேண்டியிருந்த டியூஷன் டீச்சரின் பதிவைத் திறந்தாள்.

பதிவு என்றால் தாடையின் அசைவு. கேப் என்பது தொப்பி மாதிரி பல்லின் மேல் உட்கார்ந்தால் மட்டும் போதாது. மெல்லும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று எந்த வழியில் உரசிக்கொண்டு போகின்றனவோ, அந்த வழியை விட்டுச் செதுக்க வேண்டும். அதற்காகத்தான் புது மெஷின் வாங்கினார்கள். நெற்றியில் ஒரு வளையம் மாட்டி, கீழ்ப்பல்லில் சின்னச் சின்ன விளக்குகளை ஒட்டி, திற, மூடு, இடது, வலது, மெல்லு என்று சொன்னால், அந்த ஆள் வாயை எப்படி அசைக்கிறாரோ அப்படியே கம்ப்யூட்டரில் இறங்கிவிடும். இரண்டு ஆட்களின் நடை எப்படி ஒன்றாக இருக்காதோ, அப்படித்தான் இரண்டு ஆட்களின் தாடையும்.

திரையின் கறுப்பில் டீச்சரின் இரண்டு வரிசைப் பற்கள் மட்டும் தொங்கின. உதடு இல்லை, கன்னம் இல்லை, முகமே இல்லை. பழகாதவர்கள் பார்த்தால் குடலைப் புரட்டும். குட்டி பட்டனைத் தட்டினாள். கீழ்த்தாடை நேராக இறங்கியது. பாதி வழியில் இடது பக்கம் சற்றே இழுத்தது. ஒரு கணம் சிக்கி நின்றது. பிறகு ஒரு சின்னத் துள்ளலோடு நடுவுக்குத் திரும்பி, முழுசாகத் திறந்தது.

குட்டியின் விரல் தானாகப் போய்க் காதுக்கு முன்னால் தொட்டுக்கொண்டது.

அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். பார்த்துத் தெரிந்துகொண்டதல்ல. உள்ளேயிருந்து தெரியும்.

சின்ன வயசில் மாடிப்படியில் இரண்டு பேருக்கும் சண்டை. எதற்கென்றுகூட இப்போது ஞாபகமில்லை. அக்கா பிடித்துத் தள்ளினாள். குட்டி உருண்டு போய்க் கடைசிப் படியில் மோவாயை மோதிக்கொண்டாள். வாய் நிறைய ரத்தத்தோடு நிமிர்ந்து "அக்கா" என்று கூப்பிட்டபோது, அக்கா பயந்துபோய் மாடிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் குட்டிக்கு இன்றைக்கும் கேட்கும். நானாகத்தான் வழுக்கி விழுந்தேன் என்று குட்டி அம்மாவிடம் சாதித்தாள். ராத்திரி அக்கா கட்டிப்பிடித்து அழுதாள், இனிமேல் உன்னை எப்பவும் விடவே மாட்டேன் என்று. அன்றிலிருந்து வாயைத் திறந்தால் தாடை இடது பக்கம் இழுத்து, காதுக்குள் டக் என்று ஒரு சத்தம் போடும். வேறு யாருக்கும் கேட்காது. அவளுக்கு மட்டும்.

பல பேருக்குத் தாடை இழுக்கும், டீச்சருக்கும் இழுக்கட்டுமே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை. வெயில் காலத்தில் கேப் போட்ட ஹெட்மாஸ்டரின் பதிவைத் திறந்தாள். இறங்கியது, இடது பக்கம் இழுத்தது, நின்றது, துள்ளியது. அடுத்தது தெருமுனைத் தையல்காரருடையது. அதே இழுப்பு. அதே துள்ளல். மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கோடாக மாற்றினாள். மூன்று பேர் கையெழுத்து மாதிரி மூன்று விதமாக ஓட வேண்டியவை, ஒரே கோடாக ஓடின.

மெஷின் வந்த புதிதில் அக்கா குட்டியைத்தான் உட்காரவைத்துப் பழகினாள். திற குட்டி, மூடு குட்டி, மெல்லு. எல்லாம் முடிந்ததும் அழித்துவிட்டேன் என்றாள். கம்ப்யூட்டரைத் துழாவியதில் அது ஒரு மூலையில் பத்திரமாக இருந்தது. நாலாவது கோடாக அதையும் மேலே வைத்தாள் குட்டி.

மயிரிழை வித்தியாசம் இல்லை.

முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம்தான். ஒவ்வொரு ஆளையும் உட்காரவைத்துப் பதிவு செய்யச் சோம்பல்பட்டு, என் தாடையைத் தூக்கி எல்லார் பெயரிலும் ஒட்டி அனுப்பியிருக்கிறாள். அதை நம்பி, நானும் மாங்கு மாங்கென்று உட்கார்ந்து, என் வாய்க்குப் பொருந்துகிற பல்லாகவே ஊர் முழுக்கச் செய்து கொடுத்திருக்கிறேன்! எவ்வளவு பெரிய முட்டாள் ஆக்கியிருக்கிறாள் என்னை என்று கண் கலங்கியது. கூடப் பிறந்தவள் என்று நினைத்ததால்தானே இவ்வளவு வலி.

கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் அடுத்த யோசனை வந்தது. வந்திருக்கவே வேண்டாம்.

ஒருத்தர் தாடைக்குச் செய்த கேப்பை இன்னொருத்தர் வாயில் வைத்தால் அது இடிக்கும். அந்த ஆள் மறுநாளே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். சரியான பதிவு எடுத்தே செய்தாலும் பாதிப் பேர் ஒரு தடவையாவது வருவார்கள். நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, மை பட்ட இடத்தைத் தேய்த்து, இன்னும் லேசா உசரமா இருக்கு டாக்டர் என்பார்கள், இன்னும் தேய்த்து, இந்தத் தொழிலில் அது தினப்படி நடப்பது. புது மெஷின் வந்த பிறகு ஒருத்தர்கூடத் திரும்பி வரவில்லை. நீலத்தாள் டப்பா பிரிக்காமலே கிடக்கிறது. "நாக்குமேல பல்லைப் போட்டு ஒருத்தர் ஒரு குறை சொல்லல குட்டி" என்று அக்கா தட்டிக்கொடுத்தபோது குட்டி தலைகால் புரியாமல் பூரித்துப்போனாளே.

இடிக்க வேண்டிய பல் ஏன் இடிக்கவில்லை?

பல்லைத் தாடைக்குத் தகுந்த மாதிரி செய்வதுதான் தொழில். பல்லுக்குத் தகுந்த மாதிரி தாடை மாறிவிட்டால்?

கடைசல் மெஷின் தன் வேலையை முடித்துக்கொண்டு நின்றது. மழைச் சத்தம் மட்டும். அதற்கு நடுவே, வேறு ஏதோ ஒன்று.

டக்.

குட்டி காதைத் தொட்டாள். வாயைத் திறக்கவே இல்லையே.

டக். டக்.

சத்தம் முன்னாலிருந்து வந்தது. காத்திருக்கும் அறையிலிருந்து. எழுந்து நடைவழியில் போய், வாசல் திரைச்சீலையை விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்தாள். சாயங்கால வெளிச்சம் மழையில் கரைந்து போய், டியூப்லைட் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. வேலை முடிந்தவர்களும் மழைக்குப் பயந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். சுவரோரம் ஹெட்மாஸ்டர், பக்கத்தில் தையல்காரர், மின்விசிறிக்குக் கீழே இரண்டு மூன்று பெண்கள், மேசைக்குப் பின்னால் டோக்கன் கொடுக்கிற அம்மா. அந்த அம்மாவின் கேப்பும் குட்டி செய்ததுதான், சலுகையில். யாரோ ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்திருந்தார்கள், அது கைமாறி வந்துகொண்டிருந்தது. நனைந்த குடைகளின் வாடையும் பிஸ்கட்டின் பால் வாசனையும் அடித்தது. எல்லாரும் மென்றுகொண்டிருந்தார்கள். பார்க்க என்னமோ நல்ல குடும்பம் ஒன்று மழைக்கு ஒதுங்கிய மாதிரிதான் இருந்தது.

தையல்காரரின் தாடை இறங்கியது. இடது பக்கம் இழுத்தது. டக். ஹெட்மாஸ்டரின் தாடை இறங்கியது. இழுத்தது. டக். டோக்கன் அம்மா. டக். ஒருத்தர் முன்னே பின்னே இல்லை. இத்தனை வருஷம் அவள் காதுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், இப்போது ஒரு அறை முழுக்க, ஒரே தாளத்தில்.

குட்டி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

பாதி பிஸ்கட் கன்னத்தில் துருத்திக்கொண்டு நிற்க, எல்லாரும் நிறுத்தினார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹெட்மாஸ்டர் பேப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரைப் பார்த்தபடியே வாய் மட்டும் நின்றது. குட்டிக்கு நம்ப முடியவில்லை, தற்செயலாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே, வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொள்ள, தாடையை லேசாக இடது பக்கம் நகர்த்தினாள்.

எல்லா மோவாயும் இடது பக்கம் நகர்ந்தது.

திரையை விட்டுவிட்டு அக்காவின் அறைக்கு ஓடினாள். அக்கா குழாயைத் திறந்துவிட்டு ஊசி, கண்ணாடி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டிருந்தாள். நடைப்பக்கம் பார்த்த கதவின் மேல்பாதி கண்ணாடி. அதன் வழியாக டியூப்லைட் வெளிச்சம் அக்காவின் முதுகில் விழுந்தது.

"டீச்சர் பேர்ல வந்திருக்கே, அது யாரோட தாடை அக்கா?"

அக்கா திரும்பவில்லை. குழாயையும் மூடவில்லை. பூசி மெழுகாமல்தான் சொன்னாள். ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் போகிறது, வெளியே கூட்டம் கத்துகிறது, ஒரு நாள் அவசரத்துக்குக் குட்டியின் பதிவை வைத்து அனுப்பிப் பார்த்தாளாம். நன்றாக உட்கார்ந்ததாம். வலி என்று யாரும் வரவில்லையாம். அப்புறம் பதிவு எடுக்கிறதையே விட்டுவிட்டாளாம்.

அவங்க வாயெல்லாம் என்னை மாதிரி அசையுது, உனக்குத் தெரியுமா என்று குட்டி கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிடு அக்கா என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

"தெரியும்" என்றாள் அக்கா. "ஹெட்மாஸ்டர் வாயில கைய வெச்சுக்கிட்டு இருந்தேன். உள்ளேருந்து நீ, டீ போடட்டுமா அக்கான்னு கேட்டே. என் கைக்குள்ள அவர் வாயும் அதையே கேட்டுச்சு. சத்தமில்லாம."

"எப்போ?"

"வெயில் காலத்துல."

வெயில் காலம் போய், காற்றுக்காலம் போய், மழையும் வந்தாயிற்று. அதற்கப்புறம் எத்தனை பேர் பெயரில் எத்தனை பதிவு வந்தது, அத்தனைக்கும் குட்டி உட்கார்ந்து பல் செதுக்கினாள். அக்கா கூடவே உட்கார்ந்து சாப்பிட்டாள், சிரித்தாள், முதுகில் தட்டிக்கொடுத்தாள். வாய் கூசாமல்.

"உன் பல்லை மட்டும் வெளியில போய்க் கட்டிக்கிட்டே."

அக்கா அப்போதுதான் திரும்பினாள். ஈரக் கையுறையோடு தன் வாயை மூடிக்கொண்டாள். பதில் அவ்வளவுதான். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

படியில் தள்ளினதைக்கூட குட்டி மன்னித்திருந்தாள், அது சின்னப்பிள்ளைச் சண்டை. இது அப்படியில்லை. அந்தப் படியில் உடைந்ததையே எடுத்து, பத்திரப்படுத்தி, ஊரார் வாயிலெல்லாம் நட்டுவிட்டு, தான் மட்டும் ஒதுங்கிக்கொண்டிருக்கிறாள். கத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் கத்தினால் அந்த அறையில் இருக்கிற வாயெல்லாம் என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாயிருந்தது.

அக்காவின் பார்வை குட்டியின் தோளைத் தாண்டிக் கதவுக் கண்ணாடிக்குப் போனது. முகம் வெளுத்தது.

"எழுந்துட்டாங்க குட்டி."

கிட்டே வந்து குட்டியின் இரண்டு தோள்களையும் பிடித்தாள். மெதுவாகத்தான் பிடித்தாள். கட்டிக்கொள்ளத்தான் போகிறாள் என்று நினைத்தாள் குட்டி. இவ்வளவுக்குப் பிறகும் அப்படித்தான் நினைத்தாள், என்ன செய்ய. அக்கா கதவைத் திறந்து அவளை நடையில் தள்ளினாள்.

"அவங்க உன் வாய் குட்டி. நீயே பாத்துக்கோ."

தாழ்ப்பாள் விழுந்தது. அதே சத்தம்.

நடையில் நின்றார்கள். ஹெட்மாஸ்டர். தையல்காரர். டோக்கன் அம்மா. பின்னால் மற்றவர்கள். திரை விலகித் தொங்கியது. யார் முகத்திலும் கோபமில்லை. முறை எப்போது வரும் என்று காத்திருக்கிறவர்கள் மாதிரியே நின்றார்கள். சிலர் கையில் இன்னும் பிஸ்கட் இருந்தது.

குட்டி கதவில் முதுகை ஒட்டிக்கொண்டாள். ஒன்று மட்டும் முடிவு செய்தாள். கூப்பிட மாட்டேன். செத்தாலும் அவளைக் கூப்பிட மாட்டேன். இரண்டு கைகளாலும் மோவாயை ஏந்தி, பல்லோடு பல்லை இறுக்கிக்கொண்டாள். நான் மூடினால் அவர்களும் மூட வேண்டும். இத்தனை நேரம் அப்படித்தானே நடந்தது.

அவர்கள் மூடவில்லை.

டோக்கன் அம்மாவின் தாடை இறங்கியது. மெதுவாக. அடுத்து தையல்காரருடையது. அடுத்து ஹெட்மாஸ்டர். ஒவ்வொன்றாக. குட்டி இன்னும் இறுக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது.

கைகளை மீறித் தாடை இறங்கியது.

அவளுடையது. அவளைக் கேட்காமல்.

இடது பக்கம் இழுத்தது. டக். துள்ளியது. முழுசாகத் திறந்தது. வழக்கமாக அங்கேதான் நிற்கும். நிற்கவில்லை. இன்னும் இறங்கியது. காதுக்கு முன்னால் ஏதோ பிய்ந்தது.

"அக்கா" என்றார்கள்.

எல்லாரும். ஆண் குரல், பெண் குரல், நடுவில் அவள் குரல்.

"அக்கா. கதவத் திற."

உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. காலடிச் சத்தம் ஒன்று கதவுக்குக் கிட்டே வந்தது. வந்தாள், வந்துவிட்டாள் என்று குட்டிக்கு நெஞ்சு துடித்தது. கழுத்தை மட்டும் எப்படியோ திருப்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றாள். குட்டியைப் பார்த்தாள். கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை. சுவரில் இருந்த சுவிட்சுக்குப் போனது.

அந்த அறை இருண்டது. கண்ணாடியில் அக்கா போய்விட்டாள்.

இப்போது அதில் தெரிந்தது நடை. டியூப்லைட். அகலத் திறந்த வாய்கள். ஒவ்வொரு வாயிலும் வெள்ளையாய் ஒரு பல், அவள் கையால் வரைந்து, கடைந்து, சாயம் ஏற்றிய பல். கேப் இல்லாத வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை வைத்துத்தான் தன்னுடையது எது என்று குட்டிக்குத் தெரிந்தது.

அவளுக்குப் பின்னால் டோக்கன் அம்மா பாதி பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டாள். தையல்காரரும் போட்டுக்கொண்டார்.

தாடைகள் எல்லாம் சேர்ந்து எழுந்தன. குட்டியினுடையதும். இடது பக்கம் ஓர் இழுப்பு. டக். மெல்லத் தொடங்கின.

அவள் வாயில் பிஸ்கட் இல்லை. நாக்குதான் இருந்தது.